மண்ணுக்குள் ஒரு திர்ஹம்

மத்ரஸாவில் ஜகாத் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பொன், வெள்ளி, வணிகப் பொருள்கள், விளைபொருள்கள் என ஒவ்வொன்றின் சட்டத்தையும் கூறிவிட்டு, 'ரிகாஸ்' எனப்படும் புதையலின் சட்டத்திற்கு வந்து சேர்ந்தோம். பண்டைக் காலத்தவர் புதைத்து வைத்த செல்வம் ஒருவருக்குக் கிடைக்குமாயின், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தளித்த விதி. மழையால் விளைந்த பயிருக்குப் பத்தில் ஒன்று. நீர் இறைத்துப் பாய்ச்சிய பயிருக்கு இருபதில் ஒன்று. வணிகப் பொருளுக்கு நாற்பதில் ஒன்று. புதையலுக்கு மட்டும் ஐந்தில் ஒன்று ஏன்? மனிதனின் உழைப்பு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அவன் கொடுக்க வேண்டிய பங்கு கூடுகிறது என்று சட்ட மேதைகள் தரும் விளக்கத்தை எடுத்துரைத்தேன்.

அப்போது ஒரு மாணவர் எழுந்து நின்றார். "ஹஜ்ரத், இந்தக் காலத்தில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறதே! அதைத் தரைமேல் பிடித்தால் பூமிக்குள் இருப்பதை அதுவே சொல்லிவிடுமாமே. அப்படியானால் மனிதனுக்கு உழைப்பே இல்லை அல்லவா?" என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் விடை கூற இயலவில்லை. விமான நிலையத்தில் ஹஜ் பயணிகளின் உடலைத் தடவிச் சோதிக்கும் கைக்கருவியைத் தவிர, அந்த இனத்துக் கருவி எதைப் பற்றியும் நான் அறிந்ததில்லை. அடுத்த சில வாரங்கள் அது குறித்துத் தேடிப் படித்தேன். படித்த பின்னர் அந்த மாணவருக்கு நான் கூறிய விடையையே இங்கே வாசக நேயர்களுக்கும் கூற விழைகிறேன். கருவி தானாக எதையும் சொல்வதில்லை. எதைச் சொல் என்றும், எதைச் சொல்லாதே என்றும் நாம் கட்டளையிடுகிறோம். அதன்படியே அது பேசுகிறது, அதன்படியே அது மௌனம் சாதிக்கிறது. அந்த மௌனத்தில் எதை இழக்கிறோம் என்பதை உணர்வதே இக்கலையின் கடினமான பாடமாகும்.

கேள்வி பிழையானால்…

இக்கருவியின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு துப்பாக்கியால் சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கே தங்கியிருக்கிறது என்பது மருத்துவர்களுக்குப் புலப்படவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தொலைபேசியை உலகுக்கு அளித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உலோகத்தை ஒலியால் உணர்த்தும் ஒரு கருவியை விரைந்து செய்துகொண்டு வந்தார். சோதனைகளில் நன்கு இயங்கிய அக்கருவி, நோயாளியின் படுக்கையருகே குழப்பமான ஒலியையே எழுப்பிற்று. மெத்தையில் இருந்த எஃகுக் கம்பிகள் அதற்கு ஒரு காரணம் என்று பின்னர் கூறப்பட்டது. அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. குண்டு வலப்புறத்தில் இருப்பதாகத் தலைமை மருத்துவர் உறுதியாக நம்பியமையால், அப்பக்கத்தைத் தேடுவதற்கே பெல்லுக்கு இடமளிக்கப்பட்டது. செப்டம்பர் 19-ஆம் நாள் தலைவர் மறைந்தார். உடலை ஆய்ந்தபோது குண்டு இடப்புறத்தில் இருந்தது.

இல்லாத இடத்தில் தேடச் சொன்னால் எந்தக் கருவியும் இருப்பதைக் காட்டாது.

கருவி எவ்வாறு இயங்குகிறது?

வயல்வெளிகளில் தேடுவோர் கையாளும் கருவி, ஒரு நீண்ட கோலும் அதன் அடியில் தட்டுப் போன்ற ஒரு வட்டும் கொண்டது. அந்த வட்டினுள் செம்புக் கம்பிச் சுருள்கள் இரண்டு உள்ளன. ஒரு சுருளில் மாறு மின்னோட்டம் பாய்ந்து காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே உலோகம் ஏதேனும் இருப்பின் அதில் சிறு சுழல் மின்னோட்டங்களைத் தோற்றுவிக்கிறது. அவை தமக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை எழுப்ப, அதனை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகிறது.

உலோகத்திலிருந்து வரும் எதிரலை சற்றுப் பிந்தி வருகிறது. அந்தப் பிந்துதல் இரும்புக்கு ஒரு வகை, வெள்ளிக்கு மற்றொரு வகை. இதனை அளந்தே, கீழே இருப்பது எவ்வினத்தது என்று கருவி ஊகிக்கிறது. பல கருவிகள் இவ்வூகத்தை 0 முதல் 99 வரையிலான ஓர் எண்ணாகத் திரையில் காட்டுகின்றன. பொதுவாக இரும்பு கீழ் எண்களில் வரும். பெரிய வெள்ளிக் காசு மேல் எண்களில் வரும். ஆனால் இது ஊகமே அன்றித் தீர்ப்பன்று. உலோகம் எது என்பது மட்டுமன்றி, அதன் பருமன், தடிப்பு, வடிவம், அது கிடக்கும் கோணம், ஆழம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்த எண்ணை உருவாக்குகின்றன. புதிதாகக் கற்பவர் இடறி விழும் முதற்படி, எண்ணைத் தீர்ப்பென்று நம்பிவிடுவதேயாகும்.

அமைப்புகள் ஐந்து

வாங்கியவுடன் பொத்தானை அழுத்தினால் இயங்கும் வண்ணமே இக்கருவிகள் வருகின்றன. ஆனால் தேர்ந்தவர்கள் உள்ளிருக்கும் அமைப்புகளைத் தாமே மாற்றிக்கொள்கின்றனர். அவற்றுள் முதன்மையானவை ஐந்து.

முதலாவது, மண்ணைச் சமன் செய்தல். மண்ணிலேயே இரும்புத் தாதுக்கள் கலந்துள்ளன. செம்மண்ணில் அவை மிகுதி; கடற்கரையின் ஈர மணலிலோ உப்பும் தொல்லை தரும். எனவே உலோகமற்ற ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, வட்டை மேலும் கீழுமாக அசைத்து, தரையின் ஒலி ஒரே சீராக அடங்கும் வரை கருவியைப் பழக்க வேண்டும். மண்ணின் குரலை அறியாதவன் காசின் குரலை அறிய முடியாது.

இரண்டாவது, கூருணர்வு. இதனைக் கூட்டினால் ஆழத்தில் இருப்பதும் சிறியதும் கேட்கும். அதனால் உச்சத்தில் வைப்பதே சிறப்பு என்று புதியவர் எண்ணுவர். ஆனால் மின்கம்பிகளின் அதிர்வும் மண்ணின் இரைச்சலும் சேர்ந்தே கூடிவிடும். ஓயாமல் கூவும் கருவியில் மெல்லிய நற்குரல் அமிழ்ந்துபோகும். கருவி அமைதியாய் இருக்கும் எல்லைவரை கூட்டி, அங்கே நிறுத்துவதே முறை.

மூன்றாவது, அதிர்வெண். பெரும்பாலான கருவிகள் வினாடிக்கு 3,000 முதல் 30,000 அதிர்வுகள் வரையிலான எல்லைக்குள் இயங்குகின்றன. குறைந்த அதிர்வெண் பெரிய வெள்ளிக் காசுகளுக்கு ஏற்றது. உயர்ந்த அதிர்வெண் பொற்பொடியும் சிறு துண்டுகளும் போன்ற நுண்பொருள்களுக்கு ஏற்றது. ஒரே வேளையில் பல அதிர்வெண்களில் தேடும் கருவிகளும் வந்துவிட்டன.

நான்காவது, மீள்வேகம். ஒரு பொருளின் ஒலியை எழுப்பிய பின், அடுத்த பொருளைக் கேட்கக் கருவி எவ்வளவு விரைவில் ஆயத்தமாகிறது என்பதே இது. துருப்பிடித்த ஆணிக்கு இரண்டு விரற்கடை தள்ளி ஒரு காசு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீள்வேகம் குறைவாயின், ஆணியின் நிழலில் காசு மறைந்துவிடும். கூட்டினாலோ காசு வெளிப்படும்; ஆனால் எட்டும் ஆழம் குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஐந்தாவது, விலக்கு. ஆங்கிலத்தில் 'டிஸ்கிரிமினேஷன்' என்பார்கள். குறித்த எண்களுக்கு உட்பட்டதைக் கேட்டும் கேளாதது போல் இருந்துவிடு என்று கருவிக்கு இடும் கட்டளை இது. ஆணியும் தகரமும் தோண்டித் தோண்டிக் கை சலித்தவருக்கு இதைப் போல் இனிய அமைப்பு வேறில்லை. இரும்பை விலக்கலாம், அலுமினியத் தாளை விலக்கலாம், குளிர்பான டப்பாவின் வளையத்தை விலக்கலாம். வயல் முழுதும் அமைதியாகிவிடும். ஆனால் அந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு. அது என்ன விலை என்பதை இங்கிலாந்தின் ஒரு வயல் நமக்குக் கற்பிக்கிறது.

டோர்க்சியில் கிடைத்த கலிமா

இங்கிலாந்தின் லிங்கன்ஷையர் பகுதியில், டிரெண்டு ஆற்றங்கரையில் டோர்க்சி என்றோர் ஊர் உண்டு. கி.பி. 872-73 குளிர்காலத்தில் வைக்கிங்குகளின் பெரும்படை அங்கே பாசறை அமைத்துத் தங்கியது. படை போன பின் உழவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்நிலத்தை உழுது வந்தனர். பாசறையின் சுவடு கண்ணுக்குத் தெரியும் வகையில் எதுவும் எஞ்சவில்லை.

அந்த வயல்களில் மெட்டல் டிடெக்டருடன் பல ஆண்டுகள் பொறுமையாக நடந்தவர்கள், கிடைத்தவற்றைப் பதிவு செய்து வந்தனர். யார்க், ஷெஃபீல்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அப்பதிவுகளைக் கொண்டும் தம் ஆய்வுகளைக் கொண்டும் அந்தப் பாசறையின் பரப்பையும் வாழ்க்கையையும் வரைந்து காட்டினர். கிடைத்தவற்றுள் நம் நெஞ்சைத் தொடுவன வெள்ளித் திர்ஹம்கள். நூற்றுக்கும் மேற்பட்ட திர்ஹம் துண்டுகள் அம்மண்ணிலிருந்து கிடைத்துள்ளன.

முஸ்லிம் நாடுகளில் வார்க்கப்பட்ட காசுகள் இங்கிலாந்தின் ஆற்றங்கரைக்கு எவ்வாறு வந்தன? கிழக்கிலிருந்து ருஷ்ய நாட்டு ஆறுகளின் வழியே ஸ்காண்டிநேவியாவுக்கும், அங்கிருந்து வைக்கிங்குகளின் பைகளில் இங்கிலாந்துக்கும் அவை பயணம் செய்தன. காசின்மேல் எழுதியிருந்த கூஃபி எழுத்தை அவர்கள் படித்தாரில்லை. வெள்ளியின் எடையை மட்டுமே மதித்தனர். தேவைக்கேற்ப இரண்டாகவும் நான்காகவும் வெட்டித் தராசில் இட்டனர். முழுத் திர்ஹம் ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ளது. கால் துண்டு ஒரு கிராமுக்கும் குறைவு. தாள் போல் மெலிந்த அத்துண்டுகளிலே அல்லாஹ்வின் ஏகத்துவத்தை உரைக்கும் கலிமாவின் எழுத்துகள் ஒன்றிரண்டு எஞ்சி நிற்கின்றன.

இப்போது விலக்கு என்னும் அமைப்பை நினைவு கூருங்கள். வெள்ளி மேல் எண்ணில் வரும் என்றோம். ஆனால் அது பருத்த முழுக்காசுக்கு. மெலிந்த சிறு துண்டாகிவிட்டாலோ அதன் எண் கீழிறங்கி, அலுமினியத் தாளும் டப்பா வளையமும் நிற்கும் வரிசையில் வந்து நின்றுவிடும். 'குப்பையைச் சொல்லாதே' என்று கட்டளையிட்டவரின் வட்டு, அந்தத் திர்ஹத்தின்மேல் நேராகச் சென்றாலும் ஒலி எழாது. தாம் எதை இழந்தோம் என்பதையும் அவர் அறியார். இழப்பிலெல்லாம் பெரிய இழப்பு, இழந்தது இன்னதென்றே தெரியாத இழப்பல்லவா?

மற்றொன்றும் உண்டு. டோர்க்சியில் ஈயத்தாலான விளையாட்டுக் காய்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சந்தையில் அவற்றுக்கு மதிப்பில்லை. ஆனால் குளிர்கால இரவுகளில் படைவீரர்கள் எங்கெங்கே அமர்ந்து பொழுது போக்கினர் என்பதற்கு அவையே சாட்சி சொல்லின. பொன்னை மட்டும் நாடியவர் அந்த ஈயத்தை எறிந்திருப்பார். அதனுடன் சேர்த்து ஒரு வரலாற்றையும் எறிந்திருப்பார்.

கற்கும் முறை

ஆகவேதான் அனுபவசாலிகள் புதியவருக்கு ஒரு வழி கூறுகின்றனர். தொடக்கத்தில் எதையும் விலக்காமல் எல்லா ஒலிகளையும் கேளுங்கள் என்பதே அது. வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறு பாத்தியை ஒதுக்கி, ஓர் ஆணி, ஒரு செப்புக் காசு, ஒரு வெள்ளித் துண்டு, ஒரு டப்பா வளையம் ஆகியவற்றை வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, புதைத்த இடத்தைக் குறித்து வைத்து, ஒவ்வொன்றின் குரலையும் செவிக்குப் பழக்குகின்றனர். பின் ஆணியையும் காசையும் அருகருகே வைத்து மீள்வேகத்தை மாற்றி மாற்றிக் கேட்கின்றனர். ஒரு வேளையில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்றுகின்றனர். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாமற்போகும்.

வயலில் வட்டைத் தரைக்கு இணையாக, தாழ்வாக, மெதுவாக வீசுகின்றனர். ஐயத்திற்குரிய ஒலி எழுந்தால் நின்று, குறுக்காக மற்றொரு முறை வீசிப் பார்க்கின்றனர். ஒரு பக்கம் ஒலித்து மறுபக்கம் உடைந்துபோவது பெரும்பாலும் இரும்பு. எப்பக்கமும் ஒரே வண்ணம் ஒலிப்பது நற்பொருளாக இருக்கக்கூடும். இருப்பினும் தோண்டிப் பார்த்தாலன்றி அறுதியிட்டுக் கூறமாட்டார்கள். பல நூறு ஆணிகளைத் தோண்டிய பிறகே ஆணியின் குரல் செவியில் பதிகிறது. விலக்குவதற்குரிய தகுதி, விலக்கப்படுவதை முழுமையாக அறிந்தவருக்கே வருகிறது.

ஓதுதல் கற்கும் பிள்ளையும் இவ்வாறன்றோ? ஸீனையும் ஸாதையும் பிரித்தறியச் செவி எத்தனை நாள் பழக வேண்டியிருக்கிறது!

கையில் கிடைத்த பின்

அமைப்புகளைக் கற்றுவிட்டால் பாடம் முடிந்துவிடுவதில்லை. பொருள் கைக்கு வந்த நொடியில் மற்றொரு சோதனை தொடங்குகிறது.

2007-ஆம் ஆண்டு சனவரியில், இங்கிலாந்தின் வடபகுதியில் ஹாரோகேட் நகருக்கு அருகே ஒரு வயலில் தந்தையும் மகனுமாகத் தேடிக்கொண்டிருந்த இருவருக்கு, பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம் ஒன்று கிடைத்தது. உள்ளே காசுகள் மண்ணோடு செறிந்திருந்தன. ஆவலுக்கு இடங்கொடுத்து அவர்கள் அதைக் கவிழ்த்துக் கிளறவில்லை. உள்ளதை உள்ளவாறே உரிய அதிகாரியிடம் ஒப்படைத்தனர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வல்லுநர்கள் அதனைப் படிப்படியாகப் பிரித்தெடுத்தபோது, 617 காசுகளும் வேறு 67 பொருள்களும் இருந்தன. அவற்றுள் தொலைதூரச் சமர்கண்டில் வார்க்கப்பட்ட காசும் உண்டு. 2009-இல் 10 இலட்சத்து 82 ஆயிரம் பவுண்டு கொடுத்து அருங்காட்சியகங்கள் அதனைப் பெற்றுக்கொண்டன. கண்டெடுத்தவர்களுக்கும் நில உரிமையாளருக்கும் அத்தொகை உரிய முறையில் சேர்ந்தது. இன்று அது 'வேல் ஆஃப் யார்க்' புதையல் என்று பெயர் பெற்றுள்ளது.

2015-ஆம் ஆண்டு சூன் மாதம் ஹெரிஃபோர்டுஷையரில் வேறு இருவருக்கும் வைக்கிங் காலப் புதையல் கிடைத்தது. அவர்கள் அதனை மறைத்து, காசுகளைக் கள்ளத்தனமாக விற்கத் தலைப்பட்டனர். ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கும் என்று கருதப்பட்டது. வழக்கு விசாரணையின்போது மீட்கப்பட்டிருந்தவையோ 31 மட்டுமே. 2019-இல் அவ்விருவரும் நீண்ட சிறைத்தண்டனை பெற்றனர். இரு சாராரிடமும் இருந்தது ஒரே இனக் கருவிதான். உள்ளத்தின் அமைப்புத்தான் வேறு. ஒருவர் தம் மனச்சான்றின் குரலைக் கேட்டார். மற்றவர் அதனை விலக்கி வைத்தார்.

இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் சட்டப்படி, புதையலுக்குரிய இலக்கணம் கொண்ட பொருளைக் கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும். நில உரிமையாளரின் இசைவின்றித் தேடுதல் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அரசின் அனுமதியின்றிக் கருவியை இயக்குவதே குற்றம். நம் நாட்டிலோ 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதுவும் மண்ணில் மறைந்து கிடந்து அகப்பட்டால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது கலயம் ஒன்று அகப்பட்டாலும் இச்சட்டம் பொருந்தும் என்பதை நம் மக்கள் மறத்தலாகாது.

மாணவருக்கு விடை

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். உழைப்பும் செலவும் வேண்டப்பட்டு, சில வேளை கிட்டியும் சில வேளை கிட்டாமலும் போவது ரிகாஸ் ஆகாது என்று அறிஞர்களிடம் தாம் கேட்ட கருத்தை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் 'முவத்தா'வில் பதிவு செய்துள்ளார்கள். வயல் வயலாக ஆண்டுக்கணக்கில் நடப்பவரின் நிலையை எண்ணும்போது அச்சொல்லின் நுட்பம் விளங்குகிறது. நம் நாட்டில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளில் இந்த நிபந்தனை இல்லை. ஆயினும் கண்டதெல்லாம் கண்டவனுக்கே என்று அவையும் விட்டுவிடவில்லை. பிறர் நிலத்தில் கிடைத்தது தோண்டியவனுக்கு உரிமையாகிவிடாது.

அதுமட்டுமன்று, காசின்மேல் உள்ள அடையாளத்தைப் பார் என்கிறது ஃபிக்ஹு. உருவச்சிலை போன்ற பண்டைக் காலத்து அடையாளம் இருப்பின் அது ரிகாஸ். ஐந்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கலிமா போன்ற இஸ்லாமிய அடையாளம் இருப்பின் அது பெரும்பாலும் 'லுக்தா', அதாவது கண்டெடுக்கப்பட்ட பிறர் பொருள் என்னும் வகையில் சேரும். ஓராண்டுக் காலம் அறிவித்து உரியவரைத் தேட வேண்டும். ஒரு சிறு துண்டின்மேல் தேய்ந்து மங்கிய எழுத்தைப் படிக்காமல் தீர்ப்புக் கூறுதல் ஆகாது என்பது எவ்வளவு உயர்ந்த ஒழுங்கு! இத்தகைய நிலை எவருக்கேனும் நேருமாயின் அரசுச் சட்டத்தை நிறைவேற்றுவதுடன், தம் ஊர் ஆலிமிடமும் விவரம் கூறித் தெளிவு பெறுவது கடமையாகும்.

"தம்பி, கருவி உழைப்பைக் குறைக்கவில்லை. கையின் உழைப்பைச் செவிக்கும் உள்ளத்துக்கும் மாற்றிவிட்டது" என்று அந்த மாணவரிடம் கூறினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் ஹஜ்ரத், நாம் குப்பை என்று விலக்கி வைத்தவற்றில் எத்தனை திர்ஹம் இருந்திருக்குமோ!" என்றார்.

இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை. பாடம் வராது என்று நான் பின்வரிசையில் அமர்த்தியிருந்த பிள்ளைகள் இருவரின் முகங்கள் என் கண்முன் நின்றன. மறுநாள் அவர்களை முன்வரிசைக்கு அழைத்து, முதலில் அவர்களை ஓதச் சொல்லிக் கேட்டேன்.

கேட்க வேண்டியதைக் கேட்கும் செவியையும், கிடைத்ததை உரியவருக்குச் சேர்க்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.